பின் சீட்டுக்காகக் கொல்லையை விற்காதே



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் படியுங்கள். நம் குடும்பக் குழுவில் இரண்டு வாரமாக "எடுக்கிறதுதான் எடுக்கிற, பெரிசா எடு" என்று எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் மட்டும் நேரம் இல்லாவிட்டாலும் படித்தே ஆக வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: என் அண்ணன் மகன் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். பி.எம்.டபிள்யூ. வாங்க வேண்டும் என்பது அவனுடைய பள்ளிக்கூடக் காலத்து ஆசை. சின்ன மாடலுக்குக் கையில் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். சொந்தச் சம்பாத்தியம், சொந்த ஆசை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் உறவினர்கள் சும்மா இருப்பார்களா? "2 சீரிஸ் எல்லாம் பொம்மை வண்டி, 3 சீரிஸ்தான் வண்டி" என்று ஏற்றிவிட்டார்கள். அதற்குக் குறைகிற பணத்துக்கு அப்பாவின் பெயரில் இருக்கும் ஒரு ஏக்கர் கொல்லையை விற்கலாம் என்ற யோசனையையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் மாறி மாறி விளைந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த கொல்லை அது.

"டீச்சருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால் இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். இரண்டும் என் பழைய மாணவர்களுடையவை. ஒன்று 2 சீரிஸ் கிரான் கூபே 220டி. மற்றது 3 சீரிஸ் கிரான் லிமோசின் 320எல்டி. பெரம்பலூரிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய்த் திரும்பினேன். பிறகு அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே ஒரு முறை. கடைசியாக எங்கள் ஊர்த் தெருவில். இரண்டு வண்டிக்கும் அதே பாதை, அதே நான். பின் சீட்டில் அதே அண்ணி.

முதலில் காகிதக் கணக்கு. இரண்டு வண்டியிலும் 2 லிட்டர் டீசல் இன்ஜின். இரண்டிலும் 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் இழுவிசை, 8 கியர் ஆட்டோமேட்டிக். இரண்டும் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் நடக்கும் அதே தொழிற்சாலையில் பூட்டப்பட்டவை. சின்னதன் நீளம் 4526 மி.மீ., பெரியதன் நீளம் 4819 மி.மீ. வித்தியாசம் 293. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி சின்னதில் 2670, பெரியதில் 2961. வித்தியாசம் 291. கவனியுங்கள் பிள்ளைகளே! கூடுதல் நீளம் ஏறக்குறைய முழுவதும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதில் ஒரு பகுதி பின் சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்குப் போகிறது. ஓட்டுபவருக்கு அதனால் பெரிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை.

இந்த நீட்டிய 3 சீரிஸ் முதலில் சீனச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. டிரைவரை வைத்துக்கொண்டு முதலாளி பின்னால் உட்கார்ந்து போகும் பழக்கம் உள்ள இடங்களில்தான் இப்படிப்பட்ட வண்டிக்குக் கிராக்கி. நம் பையன் டிரைவர் வைக்கப் போவதில்லை. அவனே ஓட்டப் போகிறான். அப்படியானால் அந்தப் பின் சீட்டு யாருக்கு?

இனி ஓட்டிய அனுபவம். பெரியதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில் அது ராஜ நடை போடுகிறது. சக்கர இடைவெளி அதிகம் என்பதால் மேடு பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடுவது குறைவு. இன்ஜின் இழுப்பது பின் சக்கரங்களை, திருப்புவது முன் சக்கரங்களை. வேலை பிரிந்திருப்பதால் ஸ்டீயரிங் சுத்தமாக இருக்கிறது. சின்னதில் இரண்டு வேலையும் முன் சக்கரத்துக்கே. லாரியை முந்த ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஸ்டீயரிங் கையில் லேசாக இழுக்கிறது. சாலை ஒட்டுகளில் 'டக் டக்' என்று முதுகுக்குச் செய்தி வருகிறது. ஆனால் முந்தும் வேகத்தில் ஒன்றுக்கொன்று சளைத்ததாகத் தெரியவில்லை. இன்ஜின் ஒன்றுதானே! நெடுஞ்சாலைக்கு மார்க் போடச் சொன்னால் பெரியதற்கு 90, சின்னதற்கு 80.

அரியலூர் சாலையில் கதை மாறுகிறது. முன்னால் ஒரு லாரி, எதிரே ஒரு லாரி, ஓரத்தில் டூவீலர். அங்கே கொஞ்சம் ஒதுங்கி, கொஞ்சம் நுழைந்து போக வேண்டும். சின்ன வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. பெரியதில் பின் பக்கம் எங்கே முடிகிறது என்ற நினைப்பு மனதை விட்டுப் போகவே இல்லை. ஊர்த் தெருவில் கோயில் முக்குத் திருப்பத்தைச் சின்னதில் ஒரே மூச்சில் திருப்பினேன். பெரியதில் ஒரு முறை பின்னுக்கு வந்து மறுபடி எடுத்தேன். அண்ணன் வீட்டுக் கார் ஷெட் 16 அடி. அதாவது சுமார் 4877 மி.மீ. பெரிய வண்டியை விட்டால் மிச்சம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். டிக்கியைத் திறந்து பை எடுக்க வேண்டுமானால் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். இங்கே சின்னதற்கு 85, பெரியதற்கு 60.

இனி குழுவில் வந்த வாதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

1. "முன் சக்கரம் இழுக்கிற வண்டி உண்மையான பி.எம்.டபிள்யூ. இல்லை." அந்தக் கம்பெனியே 2014 முதல் தன் பெயரில் முன் சக்கர வண்டிகளைச் செய்கிறது. இதே வகைச் சின்ன சொகுசு செடான்களான ஆடி ஏ3, மெர்சிடிஸ் ஏ கிளாஸ் லிமோசின் இரண்டின் அடிப்படை மாடல்களும் முன் சக்கரம் இழுப்பவைதான். செய்தவனுக்கு இல்லாத வருத்தம் நமக்கு எதற்கு?

2. "லிமோசின் என்ற பெயருக்கே ஒரு மதிப்பு உண்டு." ஜெர்மன் மொழியில் லிமோசின் என்றால் சாதாரண செடான் வண்டி. அவ்வளவுதான். நாம் சினிமாவில் பார்த்த நீள வண்டியை நினைத்துக்கொண்டு வாயைப் பிளக்கிறோம்.

3. "அப்பா அம்மா பின்னால் காலை நீட்டி உட்காரலாமே." இருக்கிற வாதங்களில் இதுதான் கனமானது. அதனால்தான் அண்ணியை இரண்டிலும் உட்கார வைத்தேன். சின்னதில் கூரை பின்னால் சரிகிறது, தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். முழங்காலுக்கும் இடம் அளவுதான். பெரியதில் காலை நன்றாக நீட்டினார். உண்மை. ஆனால் இறங்கும்போது? இரண்டு வண்டியிலும் என் கையைப் பிடித்துத்தான் எழுந்தார். இரண்டுமே தாழ்வான வண்டிகள். மூட்டு வலிக்காரர்களுக்கு வேண்டியது நாற்காலி உயரத்தில் ஒரு இருக்கை. ஏறி உட்கார்ந்த பிறகு கிடைக்கும் கூடுதல் இடம் அந்த வலியைத் தீர்க்காது. பெற்றோருக்காகத்தான் வண்டி என்றால், கால்வாசி விலையில் உயரமான வண்டிகள் எத்தனையோ இருக்கின்றன. அண்ணன் கொல்லையை விற்று, அந்தப் பணத்தில் வந்த தாழ்வான பின் சீட்டில், மாதம் ஒரு நாள், பிறர் கையைப் பிடித்து ஏறி இறங்க வேண்டுமா?

4. "இன்னும் கொஞ்சம்தானே போடணும்." எவ்வளவு கொஞ்சம் என்று போர்டில் போட்டுப் பார்ப்போம். 2020 அக்டோபரில் 220டி வந்தபோது ஆரம்ப ஷோரூம் விலை 39.30 லட்சம். 2021 ஜனவரியில் 320எல்டி வந்தபோது 52.50 லட்சம். வித்தியாசம் 13.20 லட்சம். தமிழ்நாட்டில் இப்போது 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். அந்த வித்தியாசத்துக்கு மட்டும் வரி 2.64 லட்சம். மொத்தம் 15.84 லட்சம். நீள வித்தியாசம் 29.3 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 54 ஆயிரம் ரூபாய்! கடனாக வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் சுமார் 33 ஆயிரம். கட்டி முடிக்கும்போது 19 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். இன்ஷூரன்ஸ் தனி. இப்போது புதிதாக வரும் மாடல்களில் இன்ஜினும் விலையும் மாறியிருக்கின்றன. ஆனால் சின்னதற்கும் பெரியதற்கும் நடுவே உள்ள பள்ளம் மட்டும் தூர்ந்துவிடவில்லை.

5. "ஊருக்குள் ஒரு கௌரவம் வேண்டாமா?" மற்ற நான்கும் இதற்குப் போட்ட சட்டைகள். ஆள் இதுதான். கல்யாண மண்டப வாசலில் வண்டி நிற்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த நாலு பேருக்கு 2 சீரிஸுக்கும் 3 சீரிஸுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டின் மூக்கிலும் அதே நீல வெள்ளை வட்டம்தான். மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அவரவர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள். தவணைத் தேதியில் அவர்களில் ஒருவரும் வரப்போவதில்லை.

நம் பக்கத்தில் நிலம் போன கதை எல்லோருக்கும் தெரியும். சிமென்ட் கம்பெனிகளுக்குச் சுண்ணாம்புக்கல் பூமியைக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தை வண்டியாக மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். வண்டி பத்து வருடத்தில் பழசாகிவிட்டது. அந்தப் பூமி இருந்த இடத்தில் இன்று பள்ளம். வண்டி வாங்கிய மறுநாளே விலை இறங்கும் பொருள். கொல்லை அப்படியல்ல. அதில் மழை பெய்தால் வெங்காயம், பெய்யாவிட்டாலும் பூமி.

அண்ணன் இதுவரை வாயே திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று குழுவில் எழுதியிருக்கிறார்கள். மகன் ஆசைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று ஒரு அப்பா பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கண்ணா, உனக்கு அத்தை சொல்வது இதுதான். சின்னதை வாங்கு. நீயே ஓட்டப் போகிறவன், உனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. நம் தெருவுக்கும் ஷெட்டுக்கும் பொருந்துகிறது. முந்தும்போது ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடி, போதும். கொல்லைப் பத்திரம் அப்பாவின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பெரியதுதான் வேண்டும் என்று இன்னும் சொல்லும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் 33 ஆயிரத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். தொகையோடு எழுதினால் மட்டும் பதில் சொல்கிறேன்.

வாழ்க வளமுடன்.