பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

தமிழில் ஐந்து வயதுக் குழந்தைக்குப் படக்கதை இருக்கிறது. பத்து வயதுக்குக் காட்டுக்குள் போகும் சாகசக் கதை இருக்கிறது. இருபது வயதைத் தொட்டவருக்கு அசோகமித்திரனும் அம்பையும் பெருமாள்முருகனும் இருக்கிறார்கள். நடுவில் உள்ள ஆறேழு ஆண்டுகளுக்கு நாம் கையில் கொடுப்பது பாடநூலும் வினாவிடைத் தொகுப்பும்தான். பிள்ளைகள் ‘நான் யார்’ என்று முதன்முதலாகக் கேட்கத் தொடங்கும் ஆண்டுகள் அவை. பதின்பருவத்தினரின் மனநலத்தையும் அடையாளத்தையும் பேசும் புனைவை இந்த இதழின் மையப்பொருளாக எடுத்துக்கொண்டதற்கு இந்த இடைவெளியே காரணம்.

மனநோய்களில் பாதி பதினான்கு வயதுக்குள்ளாகவே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015–16), 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் சராசரியாக மூன்று பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். இந்த எண்ணிக்கை அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்தப் பிள்ளைகளில் பலர் நம் நூலகத்துக்கு வந்து போனவர்களாக, நம் கதைகளை ஐந்தாம் வகுப்பில் விரும்பிப் படித்தவர்களாக இருந்திருக்கக்கூடும். அதன்பிறகு அவர்களிடம் பேச நம்மிடம் கதை இல்லாமல் போயிற்று.

இந்த உரை எழுதப்படும் பாலவாக்கத்தில் இந்த இடைவெளியின் இரு பக்கங்களையும் அருகருகே பார்க்கலாம். கடலோரத்தில் மீனவர் குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அடுக்ககங்கள். பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்கள். அங்கே வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள். ஆங்கில வழியில் படிக்கும் பெண்ணுக்குத் துளிகா 2011இல் வெளியிட்ட ‘மயில் வில் நாட் பி கொயட்’ கிடைக்கும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் நாட்குறிப்பாக நிவேதிதா சுப்ரமணியமும் சௌம்யா ராஜேந்திரனும் எழுதிய நாவல் அது. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் ஹிமாஞ்சலி சங்கரின் ‘டாக்கிங் ஆஃப் முஸ்கான்’ (2014) கிடைக்கும். தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் மீண்டும் உயிர்ப்பித்த சூட்டில் வெளிவந்த புத்தகம். மருத்துவமனையில் கிடக்கும் முஸ்கானைப் பற்றி அவளுடைய நண்பர்கள் மூவர் பேசுகிறார்கள். அதே தெருவில் தமிழ் வழியில் படிக்கும் பெண்ணுக்கும் அதே பயங்கள்தான், அதே தூக்கமில்லாத இரவுகள்தான். அவளுக்கு இணையான ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்க வேண்டுமென்றால் நூலகர் வெகுநேரம் அலமாரியைத் துழாவ வேண்டியிருக்கிறது.

ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, பாலியல் சீண்டலுக்கு ஆளான சிறுமி அதை வெளியே சொல்லத் துணிவதைக் கதையாக்கி, 2020இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருதைப் பெற்றது. பதின்பருவத்தினருக்கென்றே எழுதுவது என்ற தீர்மானத்தோடு ஓங்கில் கூட்டம் சிறு நூல்களைக் கொண்டுவருகிறது. அவற்றில் விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’, பள்ளிப் பையனின் மணிக்கட்டில் ஏறும் சாதிக் கயிற்றைப் பற்றியது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஒரு வகுப்பே உட்கார்ந்து விவாதிக்கலாம். இந்த முயற்சிகளால் பாதை திறந்திருக்கிறது. ஆனால் இவை இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன.

அரசின் முயற்சிகளும் இந்த வயதை நெருங்கி வந்து நின்றுவிடுகின்றன. பள்ளிக்கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ இதழ் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்களைக் கொடுத்த வாசிப்பு இயக்கமும் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டவில்லை. இரண்டும் மனமாரப் பாராட்ட வேண்டிய பணிகள். ஆனால் பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வந்துவிடுகிறது, நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது, கதை ஆடம்பரமாகிவிடுகிறது. நெருக்கடி மிகக் கூடும் வயதில்தான் கதை கையைவிட்டுப் போகிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் வாசிப்பு இயக்கத்தை விரிவுபடுத்த வேண்டும் என்பது இந்த இதழின் முதல் கோரிக்கை.

புத்தகங்கள் அதிகமானால் மட்டும் போதாது. எழுதுபவரும் பதிப்பிப்பவரும் தேர்ந்தெடுப்பவரும் சில கேள்விகளைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, கதை யாருக்காக என்பது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ 1990களில் வந்து ஆசிரியர் சமூகத்தையே உலுக்கியது. அடி வலிக்காமல் இருக்க மரத்துப்போகும் மருந்தைத் தனக்கே செலுத்திக்கொண்டு இறந்துபோகும் மாணவியின் கதையை ஓர் ஆசிரியை சொல்கிறார். அடிப்பதைக் கைவிட்ட ஆசிரியர்கள் எத்தனையோ பேர் அந்தக் கதையைக் காரணமாகச் சொல்வார்கள். அது பெரியவர்களின் மனச்சாட்சிக்கு எழுதப்பட்ட கதை. அந்த வேலையை அது முழுமையாகச் செய்தது. அதற்குப்பின் வந்த பலரும் அதன் அச்சிலேயே எழுதியதுதான் சிக்கல். பெரியவர்கள் திருந்துவதற்காகப் பிள்ளை இறக்கிறாள். அந்தக் கதையைப் பதினைந்து வயதுப் பெண் படிக்கும்போது அவள் இடம் எது? இறந்த பிறகுதான் தன் பேச்சு எடுபடும் என்பதுதானே அவள் காதில் விழும்? பதின்பருவப் புனைவு அந்தப் பெண்ணுக்காகவே எழுதப்பட வேண்டும். கதை முடியும்போது அவள் உயிரோடு இருக்க வேண்டும். பக்கங்களுக்குள்ளேயே அவள் சொன்னதை ஒருவராவது நம்பியிருக்க வேண்டும்.

இரண்டாவது, மனத்துயரை எப்படிக் காட்டுவது. பதின்பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக வருகிறது, காலை நேரத்து வயிற்றுவலியாக வருகிறது, பிடித்த கிரிக்கெட்டை விட்டுவிடுவதாக வருகிறது, விடியும்வரை கைப்பேசியை நோண்டுவதாக வருகிறது. வீட்டில் அதைத் திமிர் என்பார்கள், பள்ளியில் சோம்பேறித்தனம் என்பார்கள். கதை நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் இந்த வயிற்றுவலியைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் படிக்கும் பிள்ளை தன்னை அடையாளம் காணும். நம் கைக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் பாதியில், கடைசி அத்தியாயத்தில் ஓர் ஆலோசகர் வந்து இரண்டு பக்கம் அறிவுரை சொல்ல, எல்லாம் சரியாகிவிடுகிறது. உண்மையில் யாரும் அப்படிக் குணமடைவதில்லை. சிகிச்சைக்கு மாதங்கள் ஆகும். முதலில் பார்த்த மருத்துவர் ஒத்துவராமல் போகலாம். மாத்திரை சாப்பிடுவதை அத்தை கேலி செய்யலாம். நல்ல நாளுக்குப் பின் மோசமான நாள் வரலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அதற்கப்பாலும் வாழ்க்கை நடக்கிறது என்று காட்டும் கதையைத்தான் அந்தப் பிள்ளை நம்பும்.

மூன்றாவது, தற்கொலை. இங்கே எழுத்துச் சுதந்திரத்தோடு பொறுப்பும் கூடவே வர வேண்டும். ஜே ஆஷரின் ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ (2007) நாவலில், இறந்துபோன பெண் விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள் ஒவ்வொருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் அதைத் தொடராக்கியபோது உலகெங்கும் மனநல மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 2019 ஜூலையில் இறப்புக் காட்சியை நிறுவனமே நீக்கியது. சாவைப் பேசும் கருவியாகவும் பழிவாங்கும் வழியாகவும் காட்டும் கதை, தத்தளிக்கும் வாசகருக்கு ஒரு வழியைக் கற்றுத்தந்துவிடுகிறது. இதற்கு நேரெதிரான விளைவும் உண்டு. அதே நெருக்கடியில் மாட்டிக்கொண்டு, வேறு வழி கண்டு மீண்டவரின் கதை உயிரைக் காக்க உதவக்கூடும் என்று வியன்னாவின் ஆய்வாளர் தாமஸ் நீடர்க்ரோட்டென்தாலர் குழு 2010இல் காட்டியது. மொசார்ட்டின் இசை நாடகத்தில் சாகத் துணிந்து பின் மனம் மாறும் பாப்பகெனோவின் பெயரால் அந்த விளைவை இன்று அழைக்கிறார்கள்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறியவர் ஓராண்டு காத்திருக்க வேண்டிய நிலை முன்பு இருந்தது. சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் ஏற்பாட்டை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர், 1986இல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். துணைத்தேர்வு வந்தபின், தோற்ற பிள்ளைக்கு அடுத்த மாதம் என்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. கதையாசிரியர் செய்ய வேண்டியதும் இதைத்தான்: எல்லா வழியும் அடைபட்டதாக நம்பும் பாத்திரத்துக்கு ஓர் அடுத்த மாதத்தைத் தேடிக் கொடுப்பது. வழிமுறையை விவரிக்காதீர்கள். ஒரே காரணத்தைச் சுட்டாதீர்கள். இறந்தவரைத் தியாகியாக்காதீர்கள். செய்தியாளர்களுக்கு இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் வகுத்த நெறிகளும், திரைத்துறையினருக்கு உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட கையேடும் புனைவு எழுதுபவரின் மேசையிலும் இருக்க வேண்டும்.

நான்காவது, அடையாளம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. பாலினமும் பாலீர்ப்பும் சார்ந்த அடையாளத்துக்கு 2021 ஜூன் 7 திருப்புமுனையான நாள். மதுரையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’களைத் தடை செய்ய உத்தரவிட்டார், பள்ளிகளும் பெற்றோரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். நீதிமன்றம் சொல்லிவிட்டது; கதைகள் இன்னும் தயங்குகின்றன. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வும் அ. ரேவதியின் எழுத்துகளும் தன்வரலாறாக நம்மிடம் இருக்கின்றன. தனக்குள் நடப்பதைச் சொல்லத் தெரியாமல் தவிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கையில் எடுக்கக்கூடிய தமிழ் நாவல் வேண்டும்.

அப்படி எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தலித்தாக இருப்பதோ, திருநராக இருப்பதோ, தன்பாலீர்ப்போடு இருப்பதோ நோய் அல்ல. சுற்றியிருப்பவர் நடத்தும் விதம்தான் அந்தப் பிள்ளையை நோகச் செய்கிறது. துயரத்தின் காரணத்தை அடையாளத்தில் வைக்கும் கதை, எவ்வளவு கண்ணீரோடு எழுதப்பட்டாலும், எதிர்த்தரப்பின் வாதத்தையே அச்சேற்றுகிறது. அந்த அடையாளத்தோடு பிறந்தவர் நண்பர்களோடு சிரிக்கும், சினிமாவுக்குப் போகும், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பக்கங்களும் கதையில் வேண்டும்.

பதிப்பாசிரியர்களுக்கு: இந்தப் பொருளில் வரும் ஒவ்வொரு பிரதியையும் அச்சுக்கு முன் ஒரு மனநல வல்லுநரும், அந்த வயதுப் பிள்ளைகள் சிலரும் படிக்கட்டும், அந்த உழைப்புக்கு ஊதியம் கொடுங்கள். விலையும் பக்கமும் ‘கயிறு’ போலப் பள்ளி மாணவர் வாங்கும் அளவில் இருக்கட்டும். 2023 முதல் நடக்கும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் உரிமைகளைப் பேசும்போது, உலகின் நல்ல பதின்பருவ நாவல்களைத் தமிழுக்கு வாங்கிவாருங்கள். நூலகர்களுக்கு: குழந்தைகள் பகுதிக்கும் பெரியவர் பகுதிக்கும் இடையே பதின்பருவத்துக்கென்று ஒரு தனி அலமாரி ஒதுக்குங்கள். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்பதை ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லாதீர்கள். ஆசிரியர்களுக்கு: கதையைக் கொடுத்துவிட்டுக் ‘கருத்து என்ன’ என்று மதிப்பெண்ணுக்குக் கேட்காதீர்கள். பேச வந்த பிள்ளையின் பேச்சை முடிவுவரை கேளுங்கள். ரகசியம் காப்பதாக வாக்களிப்பதற்கு முன், உயிருக்கு ஆபத்து என்றால் உதவிக்கு இன்னொருவரை அழைப்பேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். மருத்துவரின் வேலையைக் கதை செய்துவிட முடியாது. ஆகவே 2022 அக்டோபர் முதல் நாடெங்கும் இயங்கும் டெலி மானஸ் எண் 14416, சினேகாவின் எண் 044-24640050 இரண்டும் ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் இடம்பெறட்டும்.

அடுத்த இதழிலிருந்து, பதின்பருவத்தினருக்கான தமிழ்ப் புனைவுகளைத் தொடர்ந்து மதிப்பிட்டு வெளியிடுவோம். ஒவ்வொரு மதிப்புரையையும் ஓர் எழுத்தாளர், ஒரு பள்ளி நூலகர், ஒரு மனநலப் பணியாளர் மூவரும் சேர்ந்து எழுதுவார்கள். அந்த வயது வாசகர் ஒருவரின் கருத்தும், பெயர் வெளியிடாமல், அதே பக்கத்தில் வரும். உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் விரும்பிப் படித்த தமிழ்க் கதைகள் எவை என்று எங்களுக்கு எழுதுங்கள். பட்டியல் மிகச் சிறியதாக இருந்தாலும் அனுப்புங்கள். எதை எழுத வேண்டும், எதை மொழிபெயர்க்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.

— ஆசிரியர்
பாலவாக்கம், சென்னை