நாடு கடத்தப்பட்ட பழம்

நத்தார்க் கேக்குக்கு நாம் வாங்கும் 'கரண்ட்ஸ்' உண்மையில் சிறு முந்திரிகையின் வற்றலேயாம். கிரேக்க தேசத்துக் கொரிந்து நகரின் பெயரே திரிந்து அப்பெயராயிற்று. ஆங்கிலேயர் பின்னர் அதே பெயரைத் தம் தோட்டத்துச் செடியொன்றின் பழத்துக்கும் சூட்டிவிட்டனர். பெயரளவிலன்றி இவ்விரண்டுக்கும் யாதோர் உறவுமில்லை. நாம் இன்று கூற வந்தது இரண்டாவதைப் பற்றியே.

ஆளுயரத்துக்கு மேற்படாத இப்புதர்ச்செடி குளிர்நாட்டுக்குரியது. பனிக்காலத்தில் நன்றாக உறங்கி எழுந்தாலன்றிச் செவ்வனே காய்க்காது. கொத்துக் கொத்தாகத் தொங்கும் பழங்களிற் சிவப்பும் உண்டு, கறுப்பும் உண்டு. சிவப்புப் பழம் புளிப்பு மிக்கது. சீனி சேர்த்துக் காய்ச்சினால் எளிதில் உறைந்து ஜெலியாகும். அதனை ஆட்டிறைச்சியுடன் உண்பது ஆங்கிலேயர் வழக்கம். (உறைப்புக் கறிக்குப் பழகிய நம் நாவுக்கு அது எப்படியோ!)

கறுப்புப் பழத்தின் பெருமை வேறு. அதன் 100 கிராமில் ஏறக்குறைய 180 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. தோடம்பழத்தில் அதன் மூன்றிலொரு பங்குகூட இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் தோடம்பழம் கிடைத்தற்கரிதாகவே, அரசாங்கம் குழந்தைகளுக்கு இப்பழப் பாகினை இலவசமாக வழங்கிற்று.

அமெரிக்காவிலோ இதே செடி குற்றவாளியாயிற்று. வெண்பைன் மரங்களைக் கொல்லும் துருநோய்க் காளானொன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த பைன் நாற்றுகளுடன் அங்கே புகுந்தது. அக்காளான் ஒரு பைனிலிருந்து மற்றொரு பைனுக்கு நேரே தாவாது. கரண்ட் இனச் செடியொன்றிலே தங்கியே அடுத்த மரத்தை அடையும். மரவியாபாரம் பெரிது, பழத்தோட்டம் சிறிது. ஆகவே செடி வளர்ப்பது தடைசெய்யப்பட்டது. 1930களில் வேலையற்ற இளைஞரைக் கொண்டு காட்டுச் செடிகளையும் வேரோடு பிடுங்குவித்தனர். நோயைச் சுமந்து வந்தது பைன் நாற்று. தண்டனை பெற்றதோ பழச்செடி!

மத்திய அரசின் தடை 1966இல் நீங்கியது. நியூயோர்க் மாநிலம் 2003இலேதான் மனமிரங்கிற்று. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறையினர் அப்பழத்தின் சுவையறியாமலே வளர்ந்துவிட்டனர். நோயை எதிர்க்கும் புதிய இனங்களை நம்பிச் சிலர் மீண்டும் நடத் தொடங்கினர். பின்னர் அவ்வெதிர்ப்பையும் வென்ற காளான் கனெக்ரிகட் மாநிலத்தில் தலைகாட்டிற்று. மெயின் மாநிலத்திற் கறுப்புக் கரண்ட் நடுவது இன்றும் சட்டவிரோதமே.