பிடிச்ச மீன் ஃப்ரீ இல்லைங்க: கேம்ல கோல்டு சேர்க்கிறவங்களுக்கு ஒரு கணக்கு

எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி இருக்கான். வயசு 24, கைக்கு வர்ற சம்பளம் 31 ஆயிரம். போன மாசம் டீ குடிக்கிறப்போ பெருமையா சொன்னான்: "அண்ணா, நான் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டுக்கு பைசா கட்டுறதில்லை. மீன் பிடிச்சே சந்தா கட்டிடறேன். மாசம் 1,300 ரூபாய் சேமிப்பு."

சேமிப்புன்னு சொன்ன உடனே எனக்குக் கை அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. நம்ம சேனல் பார்க்கிறவங்களுக்கு என் வியாதி தெரியும். "வா, உட்கார்ந்து கணக்கு போடலாம்"னேன்.

இந்த கேம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பிளிசார்ட் கம்பெனி 2004-ல வெளியிட்டது, இன்னும் ஓடுது. மாதச் சந்தா 14.99 டாலர். கேமுக்குள்ளே கோல்டுன்னு ஒரு நாணயம். மூலிகை பறிக்கிறது, மருந்து காய்ச்சுறது, கொல்லுவேலைன்னு தொழில்கள் இருக்கு. அதுல ரெண்டைத்தான் ஒருத்தர் எடுத்துக்க முடியும். மீன்பிடியும் சமையலும் எல்லாருக்கும் பொது. கிடைச்சதை ஆக்‌ஷன் ஹவுஸ்ங்கிற சந்தையில மத்த ஆட்டக்காரங்களுக்கு விக்கலாம். வித்தா 5 சதவீதம் கமிஷன் போயிடும்.

கோல்டு எப்படி சந்தாவா மாறுது? 2015-ல டோக்கன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. நேரம் இல்லாத, காசு இருக்கிற ஒருத்தர் 20 டாலர் கொடுத்து டோக்கன் வாங்கி கேம் சந்தையில போடுவார். காசு இல்லாத, நேரம் இருக்கிற நம்ம தம்பி அதைக் கோல்டு கொடுத்து வாங்குவான். அவனுக்கு 30 நாள் ஆட்டம் கிடைக்கும். கவனிச்சீங்களா? 15 டாலர் சந்தாவுக்கு கம்பெனிக்கு 20 டாலர் வந்துடுது. தம்பி காசு கட்டலைதான், ஆனா அவனுக்காக வேற ஒருத்தர் கூடுதலாவே கட்டியிருக்கார். அந்த ஆளுக்காக இவன் ராத்திரி வேலை பார்த்திருக்கான்.

எத்தனை ராத்திரி? அதைத்தான் எழுதினோம். அவன் வாங்கினப்போ டோக்கன் விலை 2,50,000 கோல்டு. மீன் பிடிச்சு, சமைச்சு, வித்து, கமிஷன் போக மணிக்கு 11,500 கோல்டு நிக்குது. அப்போ ஒரு டோக்கனுக்கு 22 மணி நேரம். 1,300 ரூபாயை 22-ஆல் வகுத்தா மணிக்கு 59 ரூபாய்.

இந்த இடத்துல வழக்கமா ஃபைனான்ஸ் ஆளுங்க என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். "உன் சம்பளம் மணிக்கு 150 ரூபாய், நீ 59 ரூபாய்க்கு வேலை பார்க்கிறே, மூடிட்டுப் போ!" எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கிறதில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல உங்க ஒரு மணி நேரத்தை 150 ரூபாய் கொடுத்து வாங்க எந்த கம்பெனியும் வாசல்ல நிக்கலை. விக்க முடியாத நேரத்துக்கு சம்பள ரேட் போடக்கூடாது. அதே மாதிரி, 59 ரூபாய்ங்கிறது எல்லாருக்கும் அற்பமும் இல்லை. வெனிசுலாவில பணவீக்கம் தலைவிரிச்சு ஆடினப்போ, 2017 வாக்குல, நிறைய பேர் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கிற கேம்ல கோல்டு சேர்த்து வித்துத்தான் அரிசி பருப்பு வாங்கினாங்க. உள்ளூர் சம்பளத்தை விட அது மேலா இருந்தது. அவங்களைப் பார்த்து சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

அதனால மணிக்கு எவ்வளவுங்கிறது என் முதல் புகார் இல்லை. தம்பி பண்ணின நிஜமான தப்பு சமையல்ல இருந்தது.

அவன் பிடிக்கிற மீன் சந்தையில ஒண்ணு 60 கோல்டு. அவன் சமைக்கிற ஒரு பதார்த்தத்துக்கு 3 மீன் வேணும், மசாலா சாமான் 20 கோல்டு. பதார்த்தம் 190-க்கு விக்குது. கமிஷன் போனா 180.50. "20 கோல்டு செலவுல 160 லாபம்ணா"ங்கிறான். மீனுக்கு எவ்வளவு போட்டேன்னு கேட்டா, "மீன் நான் பிடிச்சதுதானே, அது ஃப்ரீ."

ஃப்ரீயா? அந்த 3 மீனை அப்படியே சந்தையில போட்டிருந்தா 180, கமிஷன் போக 171 கையில நிக்கும். சமைச்சதால கிடைச்சது 160.50. அதாவது சமைக்க நேரமும் செலவழிச்சு, மசாலாவும் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் பத்தரை கோல்டு நஷ்டத்துல வித்துக்கிட்டு இருந்தான். ஒரு தட்டா ரெண்டு தட்டா, ஆறு மாசமா இதே கதை! சொந்தக் கட்டடத்துல கடை வெச்சிருக்கிறவர் "எனக்கு வாடகையே இல்லை, நல்ல லாபம்"னு சொல்வாரே, அதே கணக்கு. அந்த இடத்தை வாடகைக்கு விட்டிருந்தா வந்திருக்கிற பணத்தை அவர் லாபத்துல கழிக்கவே மாட்டார்.

சமைச்ச பொருள் ஏன் பச்சை மீனை விட மலிவா போகுதுன்னு கேட்டீங்கன்னா, நம்ம தம்பி மாதிரியே ஆயிரம் பேர் இருக்காங்க. பாதிப்பேர் மீன் ஃப்ரீன்னு நினைக்கிறாங்க. மீதிப்பேர் சமையல் திறனை ஏத்துறதுக்காக செஞ்சு, செஞ்சதை வந்த விலைக்குத் தள்ளிவிடுறாங்க. 2022-ல இருந்து மீன், மூலிகை மாதிரி சரக்கெல்லாம் ஒரு சர்வருக்குள்ள மட்டும் இல்லாம, அந்தப் பிராந்தியம் முழுக்க ஒரே சந்தையா விக்குது. முன்னாடி சின்ன சர்வர்ல நீங்க ஒருத்தர்தான் மீன்காரர்னா விலை உங்க கையில. இப்போ மொத்த பிராந்தியமும் உங்க பக்கத்துல கடை போட்டிருக்கு.

கைத்தொழில்ல காசு பார்க்கிறவங்க இல்லையான்னா, நிச்சயம் இருக்காங்க. எல்லாரும் செய்ய முடியாததை செய்றவங்க. கிளாசிக் பதிப்புல ரசவாதிங்க தோரியம் கட்டியையும் ஆர்கேன் படிகத்தையும் சேர்த்து ஆர்கனைட் செய்வாங்க. ஒரு தடவை செஞ்சா அடுத்த தடவைக்கு நாள்கணக்குல காத்திருக்கணும். எவ்வளவு வேகமா கிளிக் பண்ணினாலும் கூடுதலா ஒண்ணு வராது. அதனாலேயே அந்தத் தட்டுப்பாட்டுக்கு விலை இருந்தது. புதுப் பதிப்புல தொழில் அறிவுக்கான புள்ளிகள் வாரத்துக்கு இவ்வளவுதான்னு அளந்து கிடைக்குது. முதல் வாரத்துல இருந்து அதை ஒரே பொருள்ல போட்டு வந்தவர் குறைஞ்ச மூலப்பொருள்ல செய்வார், சில சமயம் ஒண்ணுக்கு ரெண்டா எடுப்பார். அவருக்கு 180-ல லாபம் வரும், உங்களுக்கு 190-லயும் வராது.

இன்னொரு கூட்டம் காலண்டர் பார்த்து விக்கும். பெரிய குழுச் சண்டைகள் வாராவாரம் புதுசா திறக்கும். அமெரிக்க சர்வர்ல செவ்வாய், ஐரோப்பால புதன். அன்னைக்கு எல்லாருக்கும் சாப்பாடும் மருந்தும் வேணும், விலை ஏறும். சனி ஞாயிறு எல்லாரும் உட்கார்ந்து மீன் பிடிக்கிறதால விலை இறங்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்கிறீங்களா? 2019-ல கிளாசிக் வந்தப்போ நானும் தூண்டிலோட உட்கார்ந்தவன்தான். நைட்ஃபின் ஸ்னாப்பர்னு ஒரு மீன், ராத்திரியில்தான் அதிகம் சிக்கும். வின்டர் ஸ்குவிட் குளிர்காலத்துல மட்டும்தான் மாட்டும். அதை மூட்டை மூட்டையா பிடிச்சு வெச்சு, கோடையில வித்தேன். என்னமோ குடோன் ஓனர் மாதிரி ஒரு கெத்து. அந்தக் குளிர்காலத்துல என் டிராயர்ல ஒரு சான்றிதழ் தேர்வுக்கான வவுச்சர் கிடந்தது, 14 ஆயிரம் ரூபாய், என் சொந்தக் காசு. படிக்க நேரமே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஸ்குவிட் நல்ல விலைக்குப் போச்சு. வவுச்சர் காலாவதியாகி ஒரு வாரம் கழிச்சுத்தான் அந்த மெயிலையே பார்த்தேன். அடுத்த வருஷம் டீம்ல சம்பளம் ஏறினது அந்தத் தேர்வு எழுதின ரெண்டு பேருக்கு.

அதனாலதான் மணிக்கு 59 ரூபாயா 150 ரூபாயான்னு நான் சண்டை போடுறதில்லை. அந்த நேரத்துல நீங்க நிஜமாவே வேற என்ன செஞ்சிருப்பீங்க? சீரியல் பார்த்திருப்பேன்னா, தாராளமா மீன் பிடிங்க. அது பொழுதுபோக்கு, ஒரு தப்பும் இல்லை. ஆனா தம்பிக்கு மீன்பிடி பொழுதுபோக்கும் இல்லை. கொட்டாவி விட்டுக்கிட்டே, பக்கத்துல போன்ல வேற எதையோ ஓட விட்டுக்கிட்டு பிடிக்கிறான். அவனுக்குப் பிடிச்சது நண்பர்களோட குழுச் சண்டை. அதுக்கு மாசத்துல எவ்வளவு நேரம் கிடைக்குதுன்னு கேட்டா, "ஒரு 8 மணி நேரம் இருக்கும்ணா." 8 மணி நேரம் விளையாட 22 மணி நேரம் கூலி வேலை!

கோல்டை சேர்த்து வைக்கிறதைப் பத்தியும் சொல்லிடறேன். தம்பி பையில 4 லட்சம் கோல்டு சும்மா கிடக்கு. எமர்ஜென்சி ஃபண்டாம். 2015 ஏப்ரல்ல அமெரிக்க சர்வர்ல டோக்கன் 30,000 கோல்டுல ஆரம்பிச்சது. ஏறி இறங்கி, பிற்காலத்துல 2 லட்சத்தைத் தாண்டிடுச்சு. வெளியே சந்தா அதே 14.99 டாலர்தான். உள்ளே ஒவ்வொரு வேலை முடிக்கிறப்பவும் புதுசா கோல்டு அச்சாகிக்கிட்டே இருக்கு. அதுக்கு வட்டி கிடையாது, பேங்குக்கும் வராது. வெளியாளுக்கு வித்தா யுபிஐ-ல பணம் போடுறோம்னு மெசேஜ் வரும். அது கேம் விதிக்கு விரோதம், அக்கவுண்டையே முடக்கிடுவாங்க.

என் யோசனையா, 1,300 ரூபாயை சம்பளத்துல பொழுதுபோக்குன்னு ஒரு வரி போட்டுக் கட்டிடு, கட்ட முடியலைன்னா ரெண்டு மாசம் விட்டுடுன்னு சொன்னேன். தலையை ஆட்டினான்.

போன வாரம் எக்செல் ஷீட்டோட வந்து நின்னான். சந்தாவை கார்டுல கட்டலை. சமைக்கிறதை நிறுத்திட்டு பச்சை மீனா விக்கிறானாம், அதுவும் ரீசெட் நாள்ல மட்டும். 22 மணி நேரம் 20 ஆயிடுச்சு. மிச்சமான ரெண்டு மணி நேரத்துல என்ன பண்றேன்னு கேட்டேன்.

"தூங்குறேன்ணா."