மணல் நம்ம கரையில்... டைட்டானியம் எங்கே?

2023-ல் ஐபோன் 15 ப்ரோ டைட்டானியம் சட்டத்தோடு வந்தபோது, 'அப்படி என்னதான் இருக்கு இந்த உலோகத்துல?' என்ற கேள்வி பலருக்கும் வந்தது.

எஃகைவிட சுமார் 40 சதவிகிதம் எடை குறைவு. ஆனால் இதன் உலோகக் கலவைகள் பல எஃகு வகைகளுக்கு நிகரான வலு கொண்டவை. கடல் தண்ணீரிலும் லேசில் அரிக்காது. காற்று பட்டதுமே மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கீறல் விழுந்தாலும் அது தானாகவே மூடிக்கொள்ளும்.

அதிகம் பயன்படும் கலவையில் 6 சதவிகிதம் அலுமினியம், 4 சதவிகிதம் வனேடியம். ஜெட் இன்ஜினின் முன்பகுதி பிளேடுகள், ராக்கெட்டின் வாயுக் கலன்கள், செயற்கை இடுப்பு மூட்டு என எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஆனால் சுமார் 400 டிகிரிக்கு மேல் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால்தான் இன்ஜினின் கொதிக்கும் பகுதியில் நிக்கல் கலவைகள்.

ஏன் இவ்வளவு விலை?

டைட்டானியம் அரிய பொருள் இல்லை; பூமியின் மேலோட்டில் அதிகம் உள்ள தனிமங்களில் 9-வது இடம். ஆக்சிஜனிடமிருந்து அதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. தாதுவைக் குளோரினோடு வினைபுரியவைத்து, கிடைக்கும் திரவத்தை ஆர்கான் வாயுச் சூழலில் உருகிய மெக்னீசியத்தோடு சேர்க்க வேண்டும். இதுதான் 'க்ரோல் முறை'. கிடைப்பது பஞ்சு போன்ற 'ஸ்பாஞ்ச்'. அதை வெற்றிடத்தில் உருக்கினால்தான் பயன்படுத்தும் உலோகம் கையில் கிடைக்கும்.

நமக்கு என்ன?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் கடற்கரை மணலிலேயே இல்மனைட் தாது கிடக்கிறது. சவறாவில் 2011-ல் தொடங்கிய ஸ்பாஞ்ச் ஆலையின் திறன் ஆண்டுக்கு 500 டன். உலக அளவில் டைட்டானியத் தாதுவில் 90 சதவிகிதத்துக்கும் மேல் உலோகமாவதே இல்லை. பெயின்ட்டுக்கான வெள்ளை நிறமியாகப் போய்விடுகிறது.

உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் போயிங், ரஷ்ய டைட்டானியம் வாங்குவதை நிறுத்தியது. ஏர்பஸ்ஸால் உடனே விட முடியவில்லை. தாதுவைவிட, அதை உலோகமாக்கும் ஆலை யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம்.

கிள்ளியூர் பகுதியில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். கரையும் மீன்பிடித் தொழிலும் என்னவாகும் என்ற அவர்களின் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும். அடுத்த கேள்வி: அள்ளும் மணல் இங்கேயே உலோகமாகுமா, மூட்டை மூட்டையாக வெளியே போகுமா? இரண்டுக்கும் விடை சொல்லாமல் 'தேச வளர்ச்சி' என்று மட்டும் சொன்னால், கரையை இழப்பவர்களிடம் அது எடுபடாது.