லைன் வண்டியில் நல்ல சம்பளமா?

நாமக்கல்லில் லைன் வண்டி (நெடுந்தூரம் ஓடும் லாரி) டிரைவர் பட்டதாரியைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார், ஆனாலும் இளைஞர்கள் வர மறுக்கிறார்கள் என்று அங்கலாய்க்கிறார் ஒரு கட்டுரையாளர். கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்த பேச்சு இது.

அந்தத் தொகையில் பெரும்பங்கு டிரிப்புக்குக் கிடைக்கும் படி. வண்டி ஓடினால்தான் காசு. வடக்கே லோடு இறக்கிவிட்டு, திரும்பும் லோடுக்காக இரண்டு மூன்று நாள் காத்துக் கிடந்தால் சாப்பாடும் குளியலும் பெரும்பாலும் டிரைவரின் கைக்காசு. தார்ப்பாய் கிழிந்து சரக்கு நனைந்தால் அவர் கணக்கில்தான் பிடித்தம்.

நேரத்தையும் பாருங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு வைத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளிகள் நிறைந்த தொழிலில் இந்த ஓட்டை போதாதா? பல வண்டிகளில் கிளீனரையும் செலவென்று நிறுத்திவிட்டார்கள். இரவெல்லாம் ஓட்டிவிட்டு, விடிந்ததும் கயிறு அவிழ்ப்பதும் அதே ஆள்தான். இரண்டு பேர் வேலைக்கான கூலியை ஒருவரின் நல்ல சம்பளம் என்று சொல்வது அநியாயம்.

முதுகு போய், பி.எஃப். இல்லாமல் ஐம்பது வயதில் வீடு திரும்புகிறவருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டு அவர் மகனை ஸ்டியரிங் பிடிக்கக் கூப்பிடுங்கள்.