பிராண்டு யாருது, கையெழுத்து யாருது?

ஃப்ளாட் வாங்குறதைப் பத்தி எப்ப வீடியோ போட்டாலும் கேள்விகள் எல்லாம் ஈஎம்ஐ, வட்டி, வரிச்சலுகைன்னு இதுக்குள்ளயே சுத்தும். அக்ரிமென்ட்ல எதிர்ப்பக்கம் கையெழுத்து போடுற கம்பெனி எதுன்னு கேட்கிறவங்க ரொம்பக் குறைவு. என்னைக் கேட்டா, முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

பெரிய குழுமங்கள் ஒரு ப்ராஜெக்டுக்குன்னே தனியா ஒரு துணை நிறுவனம் தொடங்குவது சகஜம். இதில் சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. ஆனா ஹோர்டிங்ல இருக்கிறது குழுமத்தோட லோகோ. நம்ம பணம் போறது அந்தக் குட்டிக் கம்பெனிக்கு. சட்டத்தின் பார்வையில் தாய் வேற, பிள்ளை வேற. பிள்ளை திவாலானா, பொதுவா தாய் பணம் தர வேண்டியதில்லை. நான் பொறுப்புன்னு தனியா எழுதிக் கொடுத்திருந்தாதான் உண்டு.

அப்படி எழுதிக் கொடுக்கிறதுக்குப் பேர்தான் பேரன்ட் கம்பெனி கியாரண்டி. ஒரு துணை நிறுவனம் பாலமோ பவர் பிளான்ட்டோ கட்ட வந்தா, வேலை கொடுக்கிறவர் முதல்ல கேட்கிற பேப்பர்களில் இதுவும் ஒண்ணு. உலகம் முழுக்கப் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தப் புத்தகங்களில் இதற்கு மாதிரிப் படிவமே இருக்கு. நம்ம 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவும் தெளிவா இருக்கு: வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. அந்தக் குட்டிக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிற பேங்கும் தாய்க் கம்பெனியோட கியாரண்டியைக் கேட்டு வாங்கும். அதே கம்பெனிக்கு 70 லட்சம் கொடுக்கிற நாம கேட்கிறோமா? கேட்டாலும் சேல்ஸ் ஆபீஸ்ல காபி கொடுத்து அனுப்பிடுவாங்க.

நொய்டாவில் நடந்ததைப் பாருங்க. ஜேபி இன்ஃப்ராடெக், ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸோட துணை நிறுவனம். ஜேபின்ற பேரை நம்பி வீடு புக் பண்ணவங்க 20,000 பேருக்கு மேல. 2017 ஆகஸ்ட்ல அந்தத் துணை நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள்ள போச்சு. இதைவிட மோசம், பிள்ளைக்குத் தாய் ஜாமீன் நிக்கிறதுக்குப் பதிலா, தாய் வாங்கின கடனுக்குப் பிள்ளையோட நிலம் 858 ஏக்கர் அடமானத்துல இருந்தது! அதில் 758 ஏக்கர் அடமானம் செல்லாதுன்னு 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் அந்த நிலம் மீண்டது. 2024 ஜூன்ல தாய்க் கம்பெனியே திவால் நடவடிக்கைக்குப் போயிடுச்சு. ஆக, கியாரண்டி எழுதி வாங்கினா மட்டும் போதாது, கொடுக்கிறவர் பேலன்ஸ் ஷீட்டும் தாங்கணும். (பேங்க் கியாரண்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்கதான். அதில் பின்னாடி நிக்கிறது ஒரு பேங்க்.)

ரெரா வந்த பிறகு நிலைமை தேவலைதான். வாங்குறவங்ககிட்ட வசூலிக்கிற பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கணும், பதிவு செஞ்ச அக்ரிமென்ட் இல்லாம 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா இதெல்லாம் பணம் எங்கே போகணும்னு சொல்ற விதிகள். வீடு முடியலைன்னா குழுமத்தில் யாரைப் பிடிக்கிறதுங்கிற கேள்வி அப்படியே நிக்குது. விளம்பரத்தில் தாய்க் கம்பெனியோட பேரைப் போட்டு விக்கிறாங்கன்னா, அந்தத் தாய்க் கம்பெனி அக்ரிமென்ட்ல ஜாமீன்தாரரா கையெழுத்து போடணும்னு ரெராவில் விதி வரணும். செலவு கூடும், விலை ஏறும்னு பில்டர்கள் சொல்லுவாங்க. பேங்குக்குக் கொடுக்கும்போது ஏறாத விலையா?

விதி வர்ற வரைக்கும், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெரா தளத்தில் ப்ரமோட்டர் பேரைப் பாருங்க. லோகோவில் இருக்கிற பேர் அங்க இல்லைன்னா, எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டி அந்தக் கம்பெனி தாக்கல் பண்ண கணக்கை எடுங்க. முதல்ல சொந்த மூலதனம் எவ்வளவுன்னு பாருங்க, அப்புறம் நோட்ஸ்ல கன்டிஞ்சென்ட் லயபிலிட்டின்ற பகுதி. யாருக்காக யார் ஜாமீன் நிக்கிறாங்கன்னு அங்கதான் இருக்கும்.