பாரதி புத்தகத்துக்குப் பூட்டு எதற்கு?

பாரதியார் 1908-ல் தம் பாட்டுகளை "ஸ்வதேச கீதங்கள்" என்ற பெயரில் சிறு புத்தகமாகத் தாமே வெளியிட்டார். அந்த முதல் பதிப்பு இன்று கண்ணில் படுவதே அபூர்வம். "ஆகா, கிடைத்தற்கரிய பொக்கிஷம்! பட்டில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும்!" என்று சில கனவான்கள் பூரித்துப் போகிறார்கள்.

நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தப் புத்தகம் அரிதாகிப் போனது யாரால்?

பாரதி அதைப் பூட்டி வைக்கவா அச்சிட்டார்? 1907-ல் அவருடைய மூன்று பாட்டுகளை, மிதவாதியான வி. கிருஷ்ணசாமி ஐயரே 15,000 பிரதிகள் போட்டு இனாமாக வழங்கச் செய்தார். மறு வருஷம் பாரதியே புத்தகம் போட்டார். அந்த 1908-ல்தான் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. சிறை புகுந்தார். பாரதி புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் பிறந்த புத்தகம் அது!

1920-ல் பாரதி என்ன திட்டம் போட்டார் தெரியுமா? 40 புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு அவை போய்ச் சேர வேண்டும் என்றார். அச்சுக்கூலிக்குக் கடன் கேட்டு ஊரெங்கும் எழுதினார். பணமுள்ளவர்கள் பை திறக்கவில்லை. 1921-ல் பாரதி மாண்டார், திட்டமும் மாண்டது.

1928-ல் வெள்ளைச் சர்க்கார் அவருடைய பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து போராட வேண்டியதாயிற்று. பிறகு பாட்டுக்கே சொந்தக்காரர்கள் வந்தார்கள். கிராமபோன், சினிமா உரிமை கைக்குக் கை விலைபோயிற்று. மக்கள் கிளர்ந்த பிறகு, 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையை ஏற்றது. பின்னர் பாட்டுகள் பொதுச் சொத்தாயின.

பணக்காரன் கைவிட்டது, சர்க்கார் பறித்தது, வியாபாரி விலை பேசியது: இந்த மூன்றும் சேர்ந்த கதைதான் "அபூர்வம்" என்பதன் அர்த்தம். இதில் பெருமை என்ன இருக்கிறது? வெட்கம்தான் இருக்கிறது!

"மலிவுப் பதிப்பு கிடைக்கிறதே, பழைய காகிதம் தொழிலாளிக்கு எதற்கு?" என்பார்கள். எதற்கா? பாரதி எந்தப் பாட்டை முதலில் வைத்தார், முகவுரையில் என்ன சொன்னார், யாருக்குச் சமர்ப்பித்தார் என்பதை அவர் அச்சிட்டபடியே பார்க்க எங்களுக்கும் கண் உண்டு. சகோதரி நிவேதிதைக்கு அவர் செய்த சமர்ப்பணத்தை நாங்களும் படித்தறிவோம். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவனும் தொழிலாளிதானே!

பழைய பிரதி வைத்திருப்பவர்களே! புத்தகம் உங்களிடமே இருக்கட்டும், பாதுகாத்ததற்கு நன்றி. ஆனால் பீரோவைத் திறவுங்கள். பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்து எல்லோரும் பார்க்க விடுங்கள். இன்று அதற்கு ஒரு செல்போன் போதும்.

தோழர்களே! உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தா காலத்துப் பாட்டுப் புத்தகம் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஊர் நூலகத்தில் காட்டுங்கள். மண்ணெண்ணெய் போல வீடுதோறும் போக வேண்டிய பாட்டு அது; பூட்டுக்குள் கிடக்கலாமா?